மழைச் சம்பளம்

மழைநீர் வெளியேற்றும் நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிற பெண் அந்த நகரத்திலேயே அவள் ஒருத்திதான். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மோட்டாரக்கா. அவளைவிட வயதில் மூத்த இன்ஜினியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டில் அந்தப் பெயர் நுழைந்ததில்லை. தையல்காரரான புருஷனுக்கு அவள் "ஏம்மா". கடைத்தெருவில் மெத்தைக்கடை வைத்திருந்த அண்ணனுக்கு, நாற்பதைத் தாண்டி முன்நெற்றியில் நரை விழுந்த பிறகும், "பாப்பா".

அவளை மோட்டார் வேலை படிக்க அனுப்பியதே அந்த அண்ணன்தான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு கிரீஸும் ஆயிலும் என்று அப்பா முறைத்தபோது, "சுவிட்சப் போடறது ஆணா பொண்ணான்னு மோட்டாருக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முதல் வருஷத்துப் பணத்தைத் தன் கையிலிருந்தே கட்டினான். அவள் வேலையில் சேர்ந்த அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க பாப்பா கவர்மெண்ட் ஆள், இனிமே நம்ம தெருவுல தண்ணி நிக்காது" என்று சொன்னான். மெத்தை வாங்க வந்தவர்களுக்கு அந்தச் செய்தி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நிலையம் என்றால் பெரிய இடம் இல்லை. உயர மேடை கட்டித் தகரக்கூரை போட்ட ஒரு கூடம். உள்ளே இரண்டு மோட்டார். தரைக்குக் கீழே ஒரு பெரிய தொட்டி. தொட்டிக்கு இரண்டு வாய். ஒன்றில் ஆஸ்பத்திரிச் சாலைத் தண்ணீர் வரும், மற்றதில் கடைத்தெருத் தண்ணீர். ஒவ்வொரு வாய்க்கும் கையால் சுற்றி ஏற்றி இறக்குகிற இரும்பு ஷட்டர். கரண்ட் இருந்தால் இரண்டு மோட்டாரும் ஓடும், இரண்டு ஷட்டரும் திறந்து கிடக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஒரு மோட்டாரைத்தான் இழுக்கும். ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு இரண்டு வாயையும் திறந்தால் எந்தப் பக்கமும் வடியாது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஜனங்கள் ஜன்னலோரம் நின்று ரசித்தார்கள். மறுநாள் பஸ் நின்றது. அதற்கும் மறுநாள் கரண்ட் போனது. பேரிடர் அவசரநிலை என்று ரேடியோவில் அறிவித்தார்கள்: அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள் மாற்று ஆள் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது, ஷிப்டுக்கு மேல் பார்க்கிற நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். மோட்டாரக்கா அப்போது நீளக்கழி வாருகோலோடு தொட்டி விளிம்பில் நின்று, கம்பி வலையில் சிக்கிய குப்பையை வாரிக்கொண்டிருந்தாள். இரட்டிப்பு என்பது காதில் விழுந்தது. ஆனால் ஒரு முழு வாழைமரம் மிதந்து வந்து வலையில் முட்டிக்கொண்டு நின்றபோது சம்பளத்தை யார் நினைப்பார்கள்?

இன்ஜினியர் போனில் வந்தார். "கடைத்தெரு ஷட்டரை இறக்கிடுங்க மோட்டாரக்கா. ஆஸ்பத்திரி லைன் மட்டும் ஓடட்டும். கீழ்த்தளத்துல பச்சைக் குழந்தைங்க வார்டு இருக்கு."

"கடைத்தெரு என்ன சார் ஆகும்?"

"என்ன ஆகும், தண்ணி நிக்கும். கடைங்கதானே."

இறக்கினாள். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அண்ணன் கடையில் கீழ்வரிசை மெத்தைகள் அவள் கண்ணுக்குள் வந்து போயின. கையைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க பக்கம் தண்ணி ஏறும். மெத்தையெல்லாம் மேல ஏத்திடு."

"மேலன்னா எங்க பாப்பா? மேல கூரைதான் இருக்கு. போன வாரம்தான் கடன்ல ஒரு லோடு இறக்கியிருக்கேன்." "சரி, நீதான் அங்க இருக்கியே. பாத்துக்க."

அந்த நம்பிக்கைதான் அவளை அறுத்தது.

அடுத்த நாள் பகலில் அவனே வந்துவிட்டான். கூடத்தின் கம்பிக்கதவுக்கு வெளியே, இடுப்பளவு தண்ணீரில், கடைத்தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு நின்றான். சட்டை உடம்போடு ஒட்டி, பாதி ஆளாகத் தெரிந்தான்.

"பாப்பா, கதவைத் திற."

"திறக்கக் கூடாதுண்ணா."

"உள்ள வர வேணாம். அந்த ஷட்டரை மட்டும் ஒரு மணி நேரம் தூக்கி விடு. கீழ்வரிசை போச்சு, ரெண்டாவது வரிசைக்கு ஏறிட்டிருக்கு."

"ஆஸ்பத்திரியில கீழ்த்தளம் முழுக்கக் குழந்தைங்கண்ணா. இப்பவே வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. இதத் தூக்கினா அங்க ஏறிடும்."

"ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?"

ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். கூட வந்த பாத்திரக்கடைக்காரர் பொறுக்க மாட்டாமல், "உன்னைப் படிக்க வெச்சதே அவன்தான்மா, மறந்துட்டியா?" என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "அதையெல்லாம் பேசாதீங்க" என்று அடக்கினான். பிறகு தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து கம்பிக்கதவின் பூட்டைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தம் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி, வர்றோம்," என்றான். போய்விட்டான். தண்ணீரில் நடக்கிறவர்கள் வேகமாகப் போக முடியாது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அதற்கு மறுநாள் சுருட்டை வந்து சேர்ந்தான். அவளுக்கு மாற்று ஆள் அவன்தான். தலைமுடியால் வந்த பெயர். நெஞ்சுவரை நனைந்து, உதடு வெளுத்து, பல் தந்தி அடிக்க நின்றான்.

"ஏண்டா இந்தத் தண்ணியில வந்த?"

"வரலேன்னா வேலை போயிடும்னு இன்ஜினியர் சொன்னாருக்கா."

"வீட்ல?"

"வயித்துல ஒண்ணு, கால்மாட்டுல தண்ணி. கட்டில் மேல உக்காந்திருக்கா. பக்கத்துல ஆள் இல்ல." சொல்லும்போதே அவன் கண் வாசலுக்குப் போய்விட்டது.

மோட்டாரக்காவுக்கு அப்போது கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது, மாற்றுத்துணி இல்லை, ரொட்டியும் பிஸ்கட்டும் தின்று வாய் மரத்துப்போயிருந்தது. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அவனைப் பார்த்தாள். "போடா. நான் பாத்துக்கறேன்."

"அக்கா, வருகைப் பதிவுல…"

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ. இல்லேன்னா சம்பளத்த வெட்டிடுவானுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். ஈரக்கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மறக்க மாட்டேங்க்கா" என்றான். அவன் போனதும் அவள் இன்ஜினியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். "நல்லதாப் போச்சு, நீங்களே இருங்க. அவன் கைல மோட்டாரைக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது" என்று அவர் சிரித்தார்.

தண்ணீர் வடிந்து கரண்ட் வரும்வரை அவளே ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைத்தெருவில் கடைகள் கழுத்துவரை மூழ்கியிருந்தன.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அண்ணன் கடைக்குப் போனாள். மெத்தைகளைத் தெருவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடிக்கப் போனாள்.

"விடுங்க," என்றான் அண்ணன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வேலை பாத்துக் களைச்சுப் போயிருப்பீங்க."

அவள் கை அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அவன் வாயில் அவளுக்கு 'ங்க' வந்ததில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அண்ணி உள்ளேயிருந்து ஈரப் பஞ்சை அள்ளிக்கொண்டு வந்து, இவளைக் கடந்து போய்க் கொட்டிவிட்டு, மறுபடி கடந்து உள்ளே போனாள்.

அதோடு அண்ணன் கடை முடிந்தது. கடன்காரர்கள் போக மிஞ்சியது பெயர்ப்பலகை மட்டும். நிவாரணம் என்று அரசாங்கம் கொடுத்தது பலகைக்குப் பெயிண்ட் அடிக்கக் காணாது. அவன் இன்னொருவர் கடையில் கூலிக்குத் தலையணையில் பஞ்சு அடைக்கப் போனான்.

நாலைந்து மாதம் கழித்து அந்த இரட்டிப்புப் பணம் வந்தது. அவ்வளவு பெரிய தொகையை அவள் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. புருஷன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை பார்த்தார். "ஏம்மா, மோட்டார் வெச்ச தையல் மெஷின் ஒண்ணு வாங்கிடலாமா? முழங்கால் தேயுது எனக்கு," என்றார். "பாக்கலாங்க," என்றாள்.

அதற்குள் விஷயம் ஊருக்குப் போய்விட்டது. சம்பளப் பிரிவில் யாரோ பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். மேலே ஒரு வரி: 'நாம் மூழ்கியபோது நீந்திச் சம்பாதித்தவர்கள்.' முதல் பெயர் மோட்டாரக்காவுடையது. டீக்கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். "எரியிற வீட்ல புடுங்கினது லாபம்னு கேள்விப்பட்டிருக்கோம். முழுகுற வீட்லயும் புடுங்கலாம் போல." காய்கறிக்காரி கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாள்: "அடுத்த மழை எப்பங்க்கா? ஏதாவது நகை நட்டு வாங்கற யோசனை இருக்கா?" தெருவில் அந்தப் பணத்துக்கு மழைச் சம்பளம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் திறக்காமல் விட்ட ஷட்டருக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் அவளுக்குச் சம்பளம் குறையுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருஷனிடம் சொல்லாமல், பணம் முழுவதையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். "வாங்க."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கைவிரல்களில் ஒட்டிய பஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். "வாங்க. உக்காருங்க."

கவரைக் கட்டிலில் வைத்தாள். "கடையத் திரும்பத் தொறக்கலாம்ணா. இது போதும்னு நினைக்கறேன்."

"எவ்வளவு குடுத்தாங்கன்னு எங்களுக்கும் தெரியும்," என்றாள் அண்ணி. "போன்ல வந்துச்சு."

அண்ணன் கவரை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்ப்பதுபோல் பிடித்தான். "முழுசாவா?"

"முழுசா."

வரும் வழியெல்லாம் அவள் இந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். உன் பணம் யாருக்கு வேணும் என்று மூஞ்சியில் விட்டெறிவான்; தான் அழுவாள்; அவனும் அழுவான்; அப்புறம் பாப்பா என்பான். அல்லது எறியாமலே பாப்பா என்பான். இரண்டுக்கும் தயாராக வந்திருந்தாள்.

"சரி," என்றான் அண்ணன். "எங்க தண்ணியில வந்தது எங்ககிட்டயே வருது." கவரை அண்ணியிடம் நீட்டினான். அண்ணி அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தாள். மோட்டாரக்கா குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. "போயிட்டு வாங்க," என்றார்கள்.

வீட்டில் புருஷன் கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார். "வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?" அன்று முழுக்கக் கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். தைக்க அவ்வளவு துணி இருந்ததா என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.

மெத்தைக்கடை மறுபடி திறந்தது. பஸ்ஸில் போகும்போது பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அந்தப் பட்டியல் ஊரைச் சுற்றியதில் தணிக்கைக்காரர்கள் கண்ணிலும் பட்டது. ஓர் அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார்.

"அம்மா, இந்தத் தேதியில உங்க மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கப்புறமும் நீங்க மிகைநேரச் சம்பளம் வாங்கியிருக்கீங்க. ஒரு மோட்டாருக்கு ரெண்டு பேருக்குச் சம்பளம் எப்படி?"

"அவன் வந்தான் சார். வீட்ல சம்சாரம் மாசமா இருந்தா. நான்தான் போகச் சொன்னேன்."

"அதையேதான் அவரும் சொல்றாரு," என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். சுருட்டையின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். 'நான் வேலை பார்க்கத் தயாராக வந்தேன். மோட்டாரக்காதான் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனைவியும் தண்ணீரும் மட்டும் அதில் இல்லை.

"அப்ப மோட்டாரை ஓட்டினது யாரு சார்?"

"நீங்கதான். அதுல சந்தேகமே இல்லம்மா. ஓட்டச் சொன்னது யாரு, அதான் கேள்வி."

இன்ஜினியர் சொன்னார் என்றாள். இன்ஜினியரைக் கேட்டார்கள். அந்த நாட்களில் ஆயிரம் போன் பேசினேன், எதை யாரிடம் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை என்றார். அன்று அவரே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க மோட்டாரக்கா. ஆமான்னு சொன்னா கத்தி என் கழுத்துக்கு வரும். உங்களுக்கு மாசாமாசம் கொஞ்சம்தான் பிடிப்பாங்க. எனக்குப் பென்ஷனே போயிடும்," என்றார். கொஞ்சம் என்பது, வாங்கிய மிகைநேரப் பணம் தீரும்வரை, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

"வாங்கினதும் போச்சு, வாங்கப் போறதும் போச்சு," என்றார் புருஷன். "உங்கண்ணன்கிட்ட பாதியாவது கேளு. இப்பத்தான் கடை ஓடுதே." அவருக்காகவே ஒரு நாள் போனாள். அண்ணன் ஒரு வாடிக்கையாளருக்கு மெத்தையை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்றான். பழக்கத்தில் வந்த கடைக்காரர் வார்த்தை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று திரும்பிவிட்டாள்.

சுருட்டை ஒரு ஷிப்டு மாறுகிற நேரத்தில் தானாகவே ஆரம்பித்தான். "அக்கா, கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன். பொய் சொல்லணுமா?"

"வேணாம்."

"என் மேல கோவமா?"

"உள்ளதத்தானே சொன்ன. பாப்பா எப்படி இருக்கா?"

"தவழறாக்கா."

அதன்பிறகு அவர்கள் சேர்ந்து டீ குடிக்கவில்லை.

அடுத்த மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆவதற்குள் கரண்ட் போனது. அவள் ஷிப்டும் அப்போதுதான் முடிந்திருந்தது. இன்ஜினியர் போன் அடித்தார்.

"மோட்டாரக்கா, கடைத்தெரு ஷட்டரை இறக்கிட்டு ஆஸ்பத்திரி லைனை ஓட்டுங்க. சுருட்டை வர லேட்டாகுமாம். நீங்களே இருங்க."

"எழுதி அனுப்புங்க சார்."

"என்னது?"

"மெசேஜா அடிச்சாப் போதும். யாரு சொன்னது, எந்த நேரத்துலேர்ந்து, எதுவரைக்கும். எல்லாம்."

"இது விளையாடற நேரமா? ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணி வந்துடுச்சு."

"தெரியும் சார். இங்கேர்ந்து பாத்தாத் தெரியுது."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். மோட்டாரக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜெனரேட்டர் குளிர்ந்து கிடந்தது. மோட்டார் சத்தம் இல்லாமல் தகரக்கூரையில் மழை மட்டும் விழுவதை அவள் கேட்டதே இல்லை. ஜன்னல் வழியே ஆஸ்பத்திரியின் சாய்தளம் தெரிந்தது. தண்ணீர் அதில் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டிய இரண்டு ஆட்கள் ஒரு தொட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே இன்னொன்று. ஒரு நர்ஸ் ஆக்சிஜன் உருளையைத் தரையில் உருட்ட முடியாமல் கட்டிப்பிடித்து நகர்த்தினாள். மோட்டாரக்கா எழுந்து சுவிட்ச் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் இன்னும் முடியவில்லை. உட்கார்ந்தாள்.

மெசேஜ் வந்தது. உத்தரவு இருந்தது, நேரம் இருந்தது, பெயர் இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டாள். "உங்க பேர் போடலியே சார்."

இன்ஜினியர் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் பெயரோடு வந்தது. அவள் அதை முழுக்கப் படித்துவிட்டுப் போனை நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகினாள். கடைத்தெரு ஷட்டரை இறக்கினாள். ஜெனரேட்டரைக் கிளப்பினாள். அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. அவன் இந்த முறை எல்லாவற்றையும் ஆளுயரத்துக்கு மேல் பலகை அடித்து அடுக்கியிருந்தான். இவளை நம்பி வைத்த சரக்கு கடையில் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக் காவலாளி தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கீழ்த்தளத்துல கணுக்கால் தண்ணிக்கா. ஒரு வழியாக் குழந்தைங்கள மாடிக்கு ஏத்திட்டோம். ஏங்க்கா இவ்வளவு நேரம்? போன தடவை நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஓட்டினீங்களே."

"போன தடவை தெரியாமப் பண்ணிட்டேன்பா," என்றாள் மோட்டாரக்கா. வாருகோலை எடுத்துக்கொண்டு, அடைத்திருந்த வலையை வாரப் போனாள்.